அப்பா அடைக்காமல் விட்ட ஒரு முழம்

ஜனவரி 9

தம்பிக்கு,

உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உன்னைப் போன்றவர்களுக்கு என்ன கேடு. போன் செய்தால் உன் அலுவலகத்துப் பெண் எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காரு" என்கிறாள். அப்பா போனதிலிருந்து நீ அந்த ஒரே மீட்டிங்கில்தான் இருக்கிறாய் போலிருக்கிறது. பதிவுத் தபாலையாவது பிரித்துப் பார்ப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நம் வீட்டு விடுதிக்கு இந்த ஆண்டு உரிமம் கிடையாது என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று அறைகளைக் காடு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் நானும் உன் அத்தானும் சாப்பிடுகிறோம். உரிமப் பலகை மாட்டாத வீட்டில் யாரையும் இறக்கிவிடக் கூடாது என்று உங்கள் மழைக்காட்டுச் சுற்றுலா ஆணையம் ஜீப்காரர்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. ஆக, பலகை இல்லையென்றால் அடுப்பு எரியாது.

காரணம் என்ன என்று உனக்குத் தெரியும், நீதானே எழுதினாய். 'சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழ அளவில் இருக்கவேண்டிய பாரம்பரியக் காற்றிடைவெளி அடைக்கப்பட்டுள்ளது. இது பள்ளத்தாக்கின் கட்டடக்கலை மரபுக்கு முரணானது.' ஆய்வாளர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். மனிதர் நல்லவர், வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் வழிகாட்டிப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள். அட்டையில் ஒரு வீட்டை வரைந்திருக்கிறார்கள். வாசலில் சாய்ந்து நிற்கும் பலாமரம் உட்பட அது நம் வீடு.

அதை நான் ஏன் அடைத்தேன் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள், நீயும் கேட்டிருக்கமாட்டாய். உன் அத்தானுக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. மழைக்காலத்தில் அந்தச் சந்து வழியாக மேகமே உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்கிறது. தலையணையெல்லாம் பூஞ்சை. "இந்த ஈரத்துலயே படுத்தீங்கன்னா அடுத்த மழைக்கு நான் பொறுப்பில்லை" என்று ஆஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால்தான் தகரம் வாங்கிச் சுற்றிலும் அடித்தேன். போன மழையில் மனிதர் படுத்துத் தூங்கினார். உட்கார்ந்தபடியே தூங்குகிற ஒருவரோடு வருஷக்கணக்கில் இருந்து பார்த்தால்தான் அது என்ன நிம்மதி என்று தெரியும்.

அடைத்தால் உரிமம் இல்லை. திறந்தால் அவர் இல்லை. புத்தகத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிடு. அப்பா ஏன் அந்த ஒரு முழத்தை விட்டார் என்பது உனக்கு நன்றாகவே தெரியும்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதிலிருந்த குத்தலும் கிடைத்தது. நாற்பது வயதுக்கு மேல் அதெல்லாம் எனக்கு உறைப்பதில்லை.

நீ சமையலறை ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்க்கிறாய். நான் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. நாங்கள் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? ஆளுக்கொரு கான்கிரீட் பெட்டி, பச்சைப் பெயின்ட், மொட்டை மாடியில் ஒலிபெருக்கி. காட்டுக்குள் வந்து பெட்டிக்குள் படுப்பதற்கு எவன் விமானம் ஏறுவான்? வந்தவர்கள் ஒரு தடவை வந்தார்கள், திரும்ப வரவில்லை. இன்று உன் மூன்று அறைகளுக்கு ஆள் கிடைக்கிறது என்றால் அது எங்கள் கொள்கையால். உனக்குச் சோறு போடும் கையை நீ கடிக்கிறாய்.

காற்றிடைவெளியைப் பற்றி: எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்த நாட்களில் அப்பாவிடம் கேட்டேன், ஏன் மேலே திறந்தே கிடக்கிறது என்று. அவர் என் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "காடு மூச்சு விட வேணாமாடா? அதோட மூச்சு நமக்கு, நம்ம மூச்சு அதுக்கு." அந்த வாக்கியம்தான் எங்கள் கொள்கையின் முகப்புரையில் இருக்கிறது. மூன்று நாடுகளின் கருத்தரங்குகளில் அதை நான் வாசித்திருக்கிறேன். உனக்கு அப்பாவிடம் நினைவிருப்பதெல்லாம் சண்டைகள்தான். அது அப்பாவின் குறை அல்ல. மேலும், இது என் சொந்த நினைவை மட்டும் நம்பிச் செய்ததல்ல. முறையாகக் கள ஆய்வு நடந்தது. கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. உங்கள் ஊர்க்காரர்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

ஒரு வரியை அடித்துவிடு என்று எழுதுவது சுலபம். அந்த வரிக்கு மேல் ஒரு குழு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு அமைச்சகம் இருக்கிறது.

அத்தான் பீடியை விட்டாரா? விடாவிட்டால் தகரம் அடித்தும் பயனில்லை, காற்றைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இங்கே எனக்குத் தெரிந்த நல்ல நுரையீரல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அழைத்து வா, காட்டலாம். எங்கள் வீடு சின்னது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வேறு. அருகிலேயே சுத்தமான லாட்ஜ் ஒன்று இருக்கிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

சுத்தமான லாட்ஜா. சந்தோஷம். அதில் சுவர் கூரை வரைக்கும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

உன் அத்தான் பீடியை விட்ட அன்று உன் மூத்த மகள் பிறந்திருக்கவில்லை. அதை நீ கவனித்திருக்க முடியாது. நீ ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்திருந்தால்தானே.

உங்கள் கள ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கோட்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நம் வீட்டுக்கு ஏறுவதற்குள் அட்டைகள் அவர்களை ஒருகை பார்த்துவிட்டன. மழையும் பிடித்துக்கொண்டது. நம் முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள், காலில் உப்பு தேய்த்தார்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே நம் வீட்டை அளந்தார்கள். மழை விட்டதும் ஜீப்பைக் கூப்பிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். பள்ளத்தாக்கின் கட்டடக்கலை மரபு என்று நீ எழுதியிருப்பது நம் ஒரு வீடு. பஸ் டிரைவர் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகிறது. மேட்டு வீட்டு விதவையின் வீடும் அப்படித்தான். ஈரத்தை உள்ளே விடக் கூடாது என்கிற அறிவு அவர்களுக்கு உண்டு.

கருத்துக்கேட்புக் கூட்டமும் அதே லட்சணம்தான். டவுன் ஓட்டலில், ஏசி அறையில் நடந்தது. ஒரு அம்மாள் திரையில் படம் காட்டிக்கொண்டே போனாள். எங்களுக்குக் குளிர் தாங்கவில்லை. சாப்பாட்டு டோக்கன் வாங்கக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டோம். அதைத்தான் நீ சம்மதம் என்கிறாய்.

இப்போது அப்பாவுக்கு வருவோம். நீ காய்ச்சலில் கிடந்தபோது கேட்டாய், அவர் ஏதோ சொல்லி உன்னைத் தூங்கவைத்தார். நான் அந்த வீடு கட்டும்போது கூட நின்றவள். சுவர் கூரையைத் தொடும் கடைசிச் சுற்றுப் பலகைக்கு மரமில்லுக்குப் போனோம். மில்காரர் கோணலும் பொத்தலுமாக ஒரு குவியலைத் தள்ளிவிட்டார். இது வேண்டாம், நேரானது கொடுங்கள் என்று அப்பா கேட்டார். மில்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. அப்பாவின் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொன்னார்: "உன் வீட்டுக்கு இது போதும்."

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். இனிமேல் அந்த மில்லிலிருந்து ஒரு சிராய்கூட என் வீட்டுக்குள் வராது என்றார். பள்ளத்தாக்கில் இருந்ததே அந்த ஒரு மில்தான். அவர் சாகும்வரை அந்த ஒரு முழம் அப்படியே கிடந்தது. அம்மா எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தாள். காடு மூச்சு விடவில்லை தம்பி, அப்பாவின் வீம்பு மூச்சு விட்டது. அதை நீ அச்சடித்து ஊர் முழுவதற்கும் சட்டமாக்கி வைத்திருக்கிறாய்.

அடுத்த மழைக்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

மில் கதையை நீ முன்பே எனக்குச் சொல்லியிருக்கவேண்டும் அல்லது எப்போதுமே சொல்லியிருக்கக் கூடாது. உன்னை நம்புகிறேன் என்று எழுத மாட்டேன். நம்பவில்லை என்று எழுதவும் வரவில்லை.

இப்போது ஒரு காரியம் ஆகவேண்டும். இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு நிதி கொடுக்கும் வெளிநாட்டுக் குழு இந்த மாதக் கடைசியில் பள்ளத்தாக்குக்கு வருகிறது. காட்டு வாசலில் நாங்கள் கட்டியிருக்கும் மாதிரி விடுதியில் அவர்களைத் தங்கவைப்பதாக ஏற்பாடு. ஆனால் அவர்கள் அட்டைப் படத்தில் இருக்கும் வீட்டைத்தான் பார்க்கவேண்டும் என்கிறார்கள். 'மூல வீடு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். மாதிரி விடுதியில் வௌவால் குடியேறிவிட்டதும் ஒரு காரணம், அதை வெளியே சொல்லாதே.

அவர்கள் வரும்போது அட்டைப் படத்தில் உள்ள வீடு தகரம் அடித்துக்கொண்டு நின்றால் என் நிலைமை என்ன என்று யோசி. இயக்குநர் பதவி காலியாகிறது. மூன்று பேர் வரிசையில் நிற்கிறோம். மற்ற இரண்டு பேரும் காட்டைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு வாரம் தகரத்தைக் கழற்றி வை. அவர்கள் வருவதற்கு முன்பே உன் உரிமம் கைக்கு வந்துவிடும், அது என் பொறுப்பு. புத்தகத்தின் திருத்திய பதிப்பில் 'கட்டாயம்' என்பதை 'விருப்பத்துக்கு உட்பட்டது' என்று சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன். பிறகு நீ தகரம் அடி, தங்கம் அடி, யாரும் கேட்கமாட்டார்கள். மில் கதையை மட்டும் அவர்கள் காதில் போட்டுவிடாதே.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

பதவி என்றதும் எவ்வளவு மரியாதையாக எழுத வருகிறது உனக்கு.

சரி, கழற்றுகிறேன். உனக்காக இல்லை, உரிமப் பலகைக்காக. உன் அத்தானை டவுனில் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அவள் வீடு கான்கிரீட் பெட்டிதான், பச்சைப் பெயின்ட்தான், ஆனால் அவரால் அங்கே மூச்சு விட முடிகிறது. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். தம்பி ஒரு வாரம் என்கிறான் என்றேன். "அரசாங்க வாரமா, நம்ம வாரமா?" என்றார். இந்த நிலைமையிலும் அந்த மனிதருக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தக் கூட்டத்தோடு நீயும் வந்து நம் வீட்டில்தான் தங்கவேண்டும். பின்னறையில், சந்துக்கு நேர் கீழே உனக்குக் கட்டில். காட்டோடு மூச்சு பரிமாறிக்கொள்.

மில் கதையைச் சொல்ல மாட்டேன். நீ சொன்ன வார்த்தை மட்டும் நினைவிருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நீ செய்தது என்னவென்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? பத்து நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மில் கதையைச் சொல்லாதே என்றுதான் சொன்னேன். வேறு கதை கட்டு என்று யார் சொன்னது? குழுத் தலைவி கேட்டது சாதாரணக் கேள்வி, இந்த இடைவெளியை எதற்காக விடுகிறீர்கள் என்று. காற்றுக்காக என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நீ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்து, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாய்: "ராத்திரியில காடு இறங்கி வந்து, வீட்டுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு எண்ணிப் பார்த்துட்டுப் போகும். அடைச்ச வீட்டை அது எண்ணாது. எண்ணாத வீட்டு ஆளுங்க காட்டுக்குள்ள போனா, அவங்களுக்கு வழி விடாது."

நான்தான் அதை மொழிபெயர்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, அது வேறு வெட்கக்கேடு. தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவன் உன்னைப் படம் பிடித்தான். இன்னொருவன் திரும்பச் சொல்லச் சொன்னான், நீ சளைக்காமல் திரும்பச் சொன்னாய், இரண்டாம் தடவை ஒரு புலியையும் சேர்த்தாய்.

விளைவைக் கேள். நிதி வருகிறது, நாங்கள் கேட்டதைவிட அதிகமாகவே. ஒரு நிபந்தனையோடு வருகிறது. காற்றிடைவெளி விடுதிகளுக்கு மட்டும் அல்ல, ஆணையத்தின் எல்லைக்குள் இருக்கும் குடியிருப்பு வீடுகளுக்கும் கட்டாயம். ஒரு வாழும் நம்பிக்கையை உரிமத்தோடு சுருக்கிவிடக் கூடாதாம். 'விருப்பத்துக்கு உட்பட்டது' என்று நான் எழுதிவைத்த தாளை நானே கிழித்துப் போட்டேன். இனி என்னால் அதைத் தொட முடியாது.

என்னைக் கேலி செய்யத்தானே செய்தாய்? நான் கூனிக்குறுகவேண்டும் என்றுதானே? வெற்றி உனக்குத்தான். பதவியும் அநேகமாக எனக்குக் கிடைத்துவிடும், அதற்கும் உனக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். நினைத்தாலே வாய் கசக்கிறது.

தம்பி


மே 3

தம்பிக்கு,

ஆமாம், கேலிதான் செய்தேன். உன்னை மட்டும் அல்ல. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து என் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வெறி வந்தது. இவர்கள் எவ்வளவு பெரிய கரடியை விழுங்குவார்கள் பார்க்கலாம் என்று தோன்றியது. முழுதாக விழுங்கினார்கள், புலியையும் சேர்த்து. அன்று இரவு நீங்கள் எல்லாரும் போர்வைக்குள் சுருண்டு இருமிக்கொண்டிருந்ததைக் கேட்டபடி சமையலறையில் தனியாகச் சிரித்தேன். சிரிப்பு ஒரு மாதம் தாங்கவில்லை.

போன வாரம் ஆணையத்தின் ஆட்கள் வந்து வீடு வீடாகக் குறி போட்டார்கள். பஸ் டிரைவர் வீட்டு மேற்சுவரில் ஒரு முழத்துக்குச் சுண்ணாம்புக் கோடு. மேட்டு வீட்டு விதவையின் வீட்டில் பலகையைப் பிடுங்கியே விட்டார்கள். அவள் கேட்டதற்கு, "உங்க பாரம்பரியம்தானம்மா, நாங்களா கண்டுபிடிச்சோம்?" என்று என் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்துக் கடைக்காரர் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். தன் விடுதியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சந்து விட்டிருக்கிறார், காட்டுக்கு வர ஒன்று, போக ஒன்றாம்.

தண்ணீர்க் குழாயடியில் டிரைவரின் மனைவி என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் ஒன்றாகத் துணி துவைத்தவள். "எங்க வீட்டுக் குழந்தைங்களையும் காடு எண்ணிடுச்சான்னு கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் செய்வது சரிதான், அவர்கள் இடத்தில் நான் இருந்தால் குடத்தைத் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அரசாங்க வாரம் இன்னும் முடியவில்லை. உன் அத்தான் நாத்தனார் வீட்டில் இருந்து சலித்துப்போய், போன வெள்ளிக்கிழமை சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். சாயங்காலம் கோடை மழை பிடித்தது. நான் போர்வையைச் சந்தில் கட்டினேன், அது நனைந்து விழுந்தது. விடிவதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. என்னோடு பேசாத டிரைவர்தான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் என்னைத்தான் திட்டினார்: "அடைச்சீங்கன்னு சொன்னீங்களே, ஏம்மா திறந்தீங்க?" நான் என்ன சொல்ல, என் தம்பி இயக்குநர் ஆகவேண்டும் என்றா?

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். நான் சொன்னது பொய், காடும் எண்ணவில்லை, புலியும் வரவில்லை, என் அப்பா ஒரு மில்காரரோடு போட்ட சண்டை இது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ எதுவும் எழுதவேண்டாம். அந்தத் தலைவிக்கு அதை அனுப்பினால் போதும். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

அக்கா


மே 26

இயக்குநர் அலுவலகம்
மழைக்காட்டுச் சுற்றுலா ஆணையம்

பொருள்: பாரம்பரியக் காற்றிடைவெளி தொடர்பான மறுப்பு.

அம்மையீர்,

தங்கள் மறுப்புக் கடிதம் பெறப்பட்டு, நிதிக் குழுவின் பண்பாட்டு வல்லுநரின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. வெளியாட்களிடம் தம் நம்பிக்கைகளைச் சொல்லிவிட்டுப் பின்னர் கூச்சத்தால் மறுப்பது வனவாழ் சமூகங்களில் பரவலாகக் காணப்படும் இயல்பே என்றும், தங்கள் மறுப்பு இந்நம்பிக்கையின் தொன்மையை மேலும் உறுதிசெய்கிறது என்றும் வல்லுநர் தெரிவித்துள்ளார். மேற்படி கடிதம் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு ஆணையம் நன்றி தெரிவிக்கிறது.

இயக்குநர்

அக்கா, இதற்குக் கீழே கையால் எழுதுகிறேன். மேலே உள்ளதைப் படித்து நீ பல்லைக் கடிப்பாய் என்று தெரியும். தட்டச்சு ஆனதும் நானும் ஒரு தடவை படித்தேன், கையெழுத்துப் போட்டேன். வேறு வழி தெரியவில்லை. நான் பதவிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. இப்போது போய் மூல வீடே பொய் என்றால் திட்டமும் போகும், நானும் போவேன், உன் ஊருக்கு வரவிருக்கும் சாலையும் போகும்.

அத்தானை டவுனிலேயே வைத்துக்கொள். அதுதான் எல்லாருக்கும் நல்லது. பழகிவிடும்.

ஜூலை முதல் வாரம் திறப்பு விழா. மந்திரி வருகிறார். எனக்கு அந்த மாதிரி விடுதியில் தங்க இஷ்டமில்லை. நம் வீட்டில் ஒரு இரவு படுக்கவேண்டும் போல இருக்கிறது. பின்னறையே போதும். பழைய கோபத்தையெல்லாம் அன்று பேசித் தீர்த்துக்கொள்வோம்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

இயக்குநர் என்று எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாள் காலை டிரைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவின் வீம்பு, உன் புத்தகம், என் புலி, எதையும் விடவில்லை. அவர் மனைவி கடைசிவரை கேட்டுவிட்டு, "இவ்வளவு திமிர் எங்கேர்ந்து வந்துச்சு உங்க குடும்பத்துக்கு?" என்றாள். பிறகு எனக்கும் சேர்த்து டீ போட்டாள்.

அங்கிருந்து நேரே மரமில்லுக்குப் போனேன். அப்பா இழுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு நான் அந்த வாசலை மிதித்ததில்லை. இப்போது மில்காரரின் மகன் உட்கார்ந்திருக்கிறான், அதே நாற்காலிதான் என்று நினைக்கிறேன். நம் வீட்டு மேற்சுவருக்குப் பலகை என்றேன். ஆளை அனுப்பி ஒரு குவியலை எடுத்துவரச் சொன்னான். கோணலும் பொத்தலும். அவன் கெட்டவன் இல்லை, போனைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "உங்க வீட்டுக்குத்தானே, இது போதுமே."

அப்பா இந்த இடத்தில்தான் வெளியேறினார். நான் அங்கே கிடந்த ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். "எனக்கு நேரான பலகை வேணும். அது வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள், என்னைப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மில்லை அடைக்க முடியாமல் கடைசியில் அவனே எழுந்து போய் நல்ல பலகையாகப் பொறுக்கிக் கொடுத்தான். இதைச் செய்ய அப்பாவுக்கு ஒரு காலைப் பொழுது போதுமாயிருந்திருக்கும். அம்மா அந்தக் கூரைக்குக் கீழே ஆயுள் முழுக்க இருமினாள்.

டிரைவர்தான் ஏணியில் ஏறி அடித்தார். தகரம் இல்லை தம்பி, பலகை. ஒரு எறும்புகூட நுழைய முடியாது. பிறகு அவர் வீட்டிலும் சுண்ணாம்புக் கோட்டை அழித்தோம். விதவையின் வீட்டுக்கு மிச்சப் பலகை சரியாக இருந்தது. கடைக்காரர் வரவில்லை, அவர் இரண்டு சந்தோடும் சுகமாக இருக்கட்டும்.

உரிமப் பலகையைக் கழற்றித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். அறைகள் காலியாகக் கிடக்கின்றன. எல்லைக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் டிரைவரின் மனைவியும் நானும் மதியச் சாப்பாடு போடுகிறோம். பழைய வருமானத்தில் பாதிகூட இல்லை. குடியிருப்பு விதியை மீறியதாக உங்கள் நோட்டீசும் வந்தது. வழவழப்பான தாள் என்பதால் அடுப்பு பற்றவைக்கக்கூட உதவவில்லை. அபராதம் போடு, ஆளை அனுப்பிப் பிடுங்கு, நாங்கள் திரும்ப அடிப்போம். மில்லுக்கு வழி இப்போது எனக்குத் தெரியும்.

உன் அத்தான் வந்துவிட்டார். முந்தாநாள் பருவத்தின் முதல் மழை. ராத்திரி முழுக்கக் கூரைமேல் கொட்டியது. அவர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். நான் தூங்கவில்லை, அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது என்று உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நீ தங்க வருவதாக எழுதியிருந்ததை அவரிடம் படித்துக் காட்டினேன். "பாவம், வரட்டுமே. அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே" என்றார். அவர் அப்படித்தான், மூச்சு நின்று திரும்பி வந்த பிறகும் அப்படித்தான். எனக்கு அந்த மனசு இல்லை. பழகிவிடும் என்று எழுதினாய் பார், அதை மறக்கிற மனசு எனக்கு இல்லை.

நம் வீட்டுக்கு வராதே. உரிமப் பலகை மாட்டாத வீடு, ஜீப்காரர் இறக்கிவிடமாட்டார், உன் உத்தரவுதான். காட்டு வாசலில் உன் மாதிரி விடுதி இருக்கிறது. புது மெத்தை போட்டிருக்கிறார்களாம். சுற்றிலும் ஒரு முழம் திறந்தே இருக்கிறது, மழை நேராக உள்ளே வரும், வௌவாலும் உண்டு. மந்திரிக்கு ஒரு அறை, உனக்கு ஒரு அறை.

உனக்கு அது போதும்.

அக்கா